கழுவிய அரையணா

மாணிக்கவேலுக்குக் கண் கிடையாது என்று பத்மராஜ நயினார் சொல்லிப் பதினாலு வருஷம் ஆகிறது. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் தொலையட்டும் என்று விட்டிருப்பான். காந்தி ரோட்டுப் பட்டுக்கடை மாடியில், சேலை மடிக்கிற பெண்கள் மூன்று பேரும் மேனேஜர் தினகரனும் பார்த்துக்கொண்டிருக்கும்போது சொன்னார். சத்தம் போட்டுக்கூட இல்லை. "உனக்குக் கண்ணே கிடையாதுப்பா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டார்.

திருடன் என்று சொல்லியிருந்தாலும் நாலு நாளில் மறந்திருப்பான். மாணிக்கவேல் கறை எடுக்கிறவன். தறியிலிருந்து இறங்குகிற சேலை கடைப் பெட்டிக்குள் போவதற்குள் பத்துப் பதினைந்து கை மாறும். ஒரு கை எண்ணெய்ப் பொட்டு வைக்கும். ஒரு கை வெற்றிலைச் சாறு வைக்கும். ஊசி குத்திய விரல் ஒரு சொட்டு ரத்தம் வைக்கும், தறியின் ஆணி துருவை வைக்கும். பட்டும் சாயமும் நோகாமல் அதையெல்லாம் எடுத்துக் கொடுப்பது அவன் தொழில். பள்ளிக்கூடம் அஞ்சாவதோடு சரி. இங்கிலீஷில் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் கடை போர்டுகளில் தொங்குகிற சில்க், சாரி என்கிற இரண்டு சொல்லின் எழுத்துகள்தான். ஆனால் ஒரு சேலையை ஜன்னல் வெளிச்சத்தில் வீசிப் பிடித்தான் என்றால், மற்றவர்கள் தடவித் தடவித் தேடுகிற கறை அவனுக்கு நேராக வந்து நிற்கும்.

அவனைப் பார்த்துக் கண் கிடையாது என்றால்? தினகரன் அதைச் சும்மா விடுகிற ஆளா? மறுநாளே ஆரம்பித்துவிட்டான். "கண்ணப்பரே, இந்த முந்தானையைக் கொஞ்சம் பாருங்க. இல்ல, உங்க கண்ணைச் சாமிக்குக் குடுத்துட்டீங்களா?" பெண்கள் சிரித்தார்கள். ஒரு கடையில் பிடித்த பேர் நாலு கடைக்குப் போனது. பதினாலு வருஷமாகக் கண்ணப்பர்தான்.

இத்தனைக்கும் அவன் செய்தது என்ன? ஒரு தபால்தலையைச் சுத்தம் செய்தான், அவ்வளவுதான்.

அதை நயினார் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் வைத்துக் கொண்டுவந்தார். உள்ளே மை உறிஞ்சும் தாள் இரண்டு, நடுவில் கட்டைவிரல் நகம் அளவுக்கு நீலமாக ஒன்று. விக்டோரியா ராணி தலை போட்ட அரையணா. வீட்டில் விளக்கு எண்ணெய் சிந்தி மூலையிலிருந்து பாதிவரை ஏறியிருந்தது. எண்ணெயை மட்டும் எடுக்கச் சொன்னதாக நயினார் சொல்வார். 'மட்டும்' என்கிற சொல் அவர் வாயிலிருந்து வரவே இல்லை என்று மாணிக்கவேல் எந்தக் கோயிலிலும் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வான். பெட்ரோல் தொட்டு வைத்ததில் எண்ணெய் அரை மணியில் போய்விட்டது. பார்த்தால் ராணி முகத்தின் மேல் கரியை அள்ளி அப்பியது போல வட்டமாக ஒரு கறுப்பு. எண்ணெயை எடுத்துவிட்டு அதை விட்டுவைத்தால் நாளைக்கு யாராவது என்ன சொல்வார்கள்? வேறொரு மருந்தைத் தீக்குச்சி முனைப் பஞ்சில் தொட்டு, மத்தியானம் உட்கார்ந்தவன் சாயங்காலம் கடை மூடுகிறவரை எடுத்தான். கடைசியில் ராணி அன்றைக்குத்தான் அச்சாகி வந்தவள் போல இருந்தாள். தன் தொழிலில் அப்படி ஒரு வேலை செய்ததில்லை என்று நினைத்துக்கொண்டுதான் மறுநாள் டப்பாவை நீட்டினான். அதற்குக் கிடைத்தது அந்த வார்த்தை.

போன மாசி மாதம், ஒரு மத்தியானம் போன் வந்தது.

"தம்பி, நான் மதனவதி பேசறேன். செவிலிமேட்டுலேர்ந்து. நயினார் வூட்டு அம்மா."

"எந்த நயினாரு?"

"உன்னைக் கண்ணில்லன்னு சொன்னாரே, அந்த நயினாருதான்."

மாணிக்கவேல் கையிலிருந்த சேலையைக் கீழே வைத்தான்.

"இப்ப அவருக்குக் கண்ணு போய்க்கினு இருக்குதுப்பா. ஒரு தபால்தலையில கறை. நீதான் எடுக்கணும்னு ஒத்தைக்கால்ல நிக்கறாரு."

முடியாது என்று சொல்வதற்குத்தான் வாயைத் திறந்தான். "இன்னா கறை?" என்று வந்துவிட்டது.

வீட்டில் காந்தா விழுந்து விழுந்து சிரித்தாள். "போய்யா, போ. கண்ணில்லாத ரெண்டு பேரும் ஒக்காந்து நல்லா பாத்துக்குங்க."

"உனக்கு எல்லாம் இளிப்புதான்."

"பின்ன? பதினாலு வருசமா அந்த மனுசனைத் திட்டாம நீ ஒரு வேளை சோறு துன்னதில்ல. எனக்கே அவரைப் பாக்கணும்போல கீது. போய்ட்டு வா. இன்னா கறைன்னு தெரியாம உனக்கு ராத்திரி தூக்கம் வராது."

அவள் சொன்னது நிஜம்தான். கோபத்தைத் தீர்த்துக்கொள்ளப் போகிறேன் என்று அவன் தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்ததெல்லாம் துருவா, வெற்றிலையா, சாயமா என்பதைத்தான்.

பத்மராஜ நயினாருக்கு எழுபத்தாறு நடந்துகொண்டிருந்தது. முசரவாக்கம் பக்கத்து ஜைன விவசாயக் குடும்பம். அப்பா வேர்க்கடலை பயிர் வைத்தவர். பிள்ளை பெரிய காஞ்சிபுரத்துக்கு வந்து உரக்கடை வைத்து நாற்பது வருஷம் யூரியா மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். கடையை விட்ட பிறகு செவிலிமேட்டில் மகன் ஆதீஷ் கட்டிய வீடு. மகன் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை. விடிந்து போனால் இருட்டித்தான் வருவான். சினிமா கிடையாது, சீட்டு கிடையாது, பொழுது சாய்ந்தால் சாப்பாடு கிடையாது. ஊரில் அவரைப் பற்றிச் சொல்வதற்கு வேறு ஒன்றும் இல்லை என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

"வாப்பா மாணிக்கம். எதிர்ல ஒக்காராத, தெரியமாட்டே. சைடுல ஒக்காரு."

காக்கை பார்ப்பது போலத் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இன்னா நயினாரே ஆச்சு?"

"நடுவுல ஒரு கறுப்புப் பொட்டு. ஓரமெல்லாம் தெரியுது. உன் காது தெரியுது, சட்டைக் காலர் தெரியுது, மூஞ்சி இல்ல. ஆஸ்பத்திரில கண்ணுக்குள்ள ஊசி போட்டானுங்க. அவனுங்களுக்குக் கறை எடுக்கத் தெரியலை."

"பெட்ரோல் வெச்சுப் பாக்கட்டுமா?"

பதினாலு வருஷக் கோபத்தில் ஒரு பங்கு அந்தக் கேள்வியில் இருந்தது. நயினார் வாய்விட்டுச் சிரித்தார். உள்ளேயிருந்து மதனவதி குரல் கொடுத்தாள். "நல்லா வெய்யிப்பா. அந்த நாக்குக்கும் சேத்து வெய்யி."

மேஜையில் தடியாக நாலு நோட்டு இருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தமிழில் ஒரு பேர். இலங்கை, பினாங்கு, மொரீஷியஸ், சான்சிபார், போர்ட் பிளேர். ஒவ்வொரு பேருக்குக் கீழேயும் பழைய தபால்தலைகள். பக்கத்தைப் புரட்டப் புரட்ட மாணிக்கவேலுக்குக் கை ஊறியது. ஒன்றாவது சுத்தமாக இல்லை. எல்லாவற்றின் மேலும் கறுப்பு, வட்டம், கோடு, அரைகுறை எழுத்து.

"இன்னா நயினாரே, எல்லாத்தையும் இப்பிடிப் பாழா வெச்சிருக்கறீங்க?"

"அதுதான்யா சரக்கு."

"எது?"

"நீ கறைன்றே பாரு, அது. ராணி தலை ஊர் பூரா ஒரே தலைதான். காஞ்சீபுரம் போஸ்டாபீசுலயும் அதையேதான் வித்தான், அந்தமான்லயும் அதையேதான் வித்தான். லட்சக்கணக்குல கிடக்குது. எந்த ஊர்ல கடுதாசி மேல ஒக்காந்தோம்னு தலைக்கு எப்பிடித் தெரியும்? மேல ஒருத்தன் முத்திரை குத்தினான் பாரு, அதுதான் ஊரைச் சொல்லும். தலை வெறும் தாம்பாளம்பா. முத்திரைதான் பழம்."

மாணிக்கவேல் நோட்டின் மேலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். பதினாலு வருஷத்தில் இதை அவனுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை.

"இதை அன்னிக்கே வாயைத் தொறந்து சொல்லியிருந்தா இன்னா?"

"சொல்ல வாயைத் தொறந்திருந்தா அழுதிருப்பேன். அத்தனை பொம்பளைங்க முன்னாடி உரக்கடைக்காரன் அழுவணுமா?"

மதனவதி காப்பி கொண்டுவந்து வைத்தாள். மாணிக்கவேல் ஆற்றி ஆற்றிக் குடித்தான். கேட்க வேண்டியது இன்னொன்றும் இருந்தது.

"தீவு முத்திரையா மட்டும் ஏன் சேக்கறீங்க?"

"என் எல்லை கடற்கரையோட முடிஞ்சுபோச்சு. அதனால."

இருபத்திரண்டு வயதில் திருப்பருத்திக்குன்றம் கோயிலில் ஒரு முனிவர் முன்னால் திசை விரதம் எடுத்தாராம். ஜைனர்களில் இல்லறத்தார் எடுக்கிற விரதம் அது. நாலு திசையிலும் ஒரு எல்லை வைத்துக்கொள்ள வேண்டும். ஆயுசுக்கும் அதைத் தாண்டக் கூடாது. மனுஷன் போகிற இடமெல்லாம் ஆசையும் போகும், மிதிபட்டு உயிரும் போகும், ஆகையால் காலைக் கட்டு என்பது கணக்கு. நயினார் வடக்கே திருத்தணி, தெற்கே மேல்சித்தாமூர், மேற்கே வேலூர், கிழக்கே கடல் நனைக்கிற மணல் என்று வைத்துக்கொண்டார். எடுத்த மூன்றாம் மாதம், தேரடிப் பக்கம் ஒரு பழைய பேப்பர் கடையில், கிழிந்த உறை ஒன்றில் மொரீஷியஸ் முத்திரை குத்திய தபால்தலையைப் பார்த்தார். கடலைத் தாண்டி அவர் போகக் கூடாது. கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அது வந்திருக்கிறது, நேராகக் காஞ்சிபுரத்துக்கு.

"கல்யாணம் ஆன புதுசுல கர்நாடகத்துல கோமடேஸ்வரரைப் பாக்கப் போலாம்னு கேட்டேன் தம்பி" என்றாள் மதனவதி. "எல்லை வேலூரோட முடிஞ்சுதுன்னாரு. நான் தனியாப் போய்ப் பாத்துட்டு வந்தேன்."

"சரி, போகத்தானே கூடாது? கடுதாசி எழுதி வரவழைச்சுக்கலாம் இல்ல?" என்றான் மாணிக்கவேல்.

"அதுவும் கூடாது. எல்லைக்கு அந்தாண்ட இருக்கறதை ஆள் விட்டு இழுத்தாலும் விரதம் கெட்டுது. தானா உள்ள வந்து விழுந்து கெடக்கறதை எடுத்துக்கலாம். நான் ஐம்பத்துநாலு வருசமா பொறுக்கறவன்தான். வாங்கப் போனவன் இல்ல."

பழைய பேப்பர் கடை, இடிக்கிற வீடு, ஆற்காட்டுச் சந்தை, இறந்துபோன வக்கீல் வீட்டுப் பரண். இப்படித்தான் நாலு நோட்டும் நிறைந்திருக்கிறது. யூரியா வாங்க வந்தவனிடம்கூட, உங்க தாத்தா பெட்டியில் கடுதாசி ஏதாவது இருக்குதா என்று கேட்பாராம்.

கடைசி நோட்டின் கடைசிப் பக்கத்தை அவரே தடவித் திறந்தார். தலையில் 'கமோர்டா' என்று எழுதியிருந்தது. கீழே ஒரே ஒரு தபால்தலை, பளிச்சென்று, மாசு மரு இல்லாமல். மாணிக்கவேலுக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. தன் கைவேலை தனக்குத் தெரியாதா?

"கமோர்டான்றது நிக்கோபார்ல ஒரு தீவு" என்றார் நயினார். "ராணி காலத்துல கொஞ்ச வருசம் கைதிங்களை அங்க வெச்சிருந்தான். அப்புறம் மூடிட்டான். அங்க குத்தின தலை எங்கியாவது ஒண்ணு ரெண்டு கெடைச்சா உண்டு. ஒரு டிரங்குப் பெட்டி என் கைக்கு வந்துது. அந்தத் தீவுல ஜெயில் வார்டர் வேலை பாத்தவன் வூட்டுப் பெட்டின்னு வித்தவன் சொன்னான். கடுதாசியெல்லாம் கறையான் தின்னு மண்ணு. ரெண்டு தலை தப்பிச்சுது. ஒண்ணு மேல எண்ணெய் கொட்டிப்போச்சு. முத்திரையைப் படிக்கறதுக்கு முன்னாடியே கொட்டிப்போச்சு. அதை உன்கிட்ட குடுத்தேன்."

"இன்னொண்ணு?"

"இன்னொண்ணு பெட்டி மூடியில ஒட்டிக்கினு இருந்துச்சு. மேல பூரா துரு. முத்திரை உள்ள இருக்குது, படிக்க முடியலை. அதைக் குடுக்க பதினாலு வருசமா உன்மேல பயம்." சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "இப்ப பயந்துக்கினு இருக்க நேரமில்ல மாணிக்கம். ஓரக் கண்ணும் மங்கிக்கினே வருது. ரெண்டுல ஒண்ணாவது கமோர்டா தானான்னு எனக்குத் தெரியணும். அதுக்கு மேல ஒண்ணும் வேணாம். துருவை எடு. கறுப்பைத் தொடாத."

"இப்ப நல்லா காதுல விழுந்துது" என்றான் மாணிக்கவேல்.

மூன்று நாள் போனான். கடைக்கு லீவு சொன்னான்; கண்ணப்பர் எங்கே போனார் என்று தினகரன் கேட்டு அனுப்பியதற்குப் பதில் சொல்லவில்லை. மத்தியான வெளிச்சம் விழுகிற பால்கனியில் உட்கார்ந்து, எலுமிச்சம் பழச் சாற்றில் தண்ணீர் விட்டு, ஊசி முனையில் தொட்டு, ஒரு துளி வைப்பது, உறிஞ்சுதாளில் ஒற்றுவது, காய விடுவது. பட்டில் முழம் கணக்கில் வேலை செய்தவனுக்கு எள்ளுக்குள் வேலை. அவசரப்பட்டால் துரு போவதோடு கறுப்பும் போகும். நயினார் பக்கத்தில் நாற்காலி போட்டு, தலையைச் சாய்த்து, அவன் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டே இருப்பார். அஞ்சரைக்கு மதனவதி தட்டு வைத்துவிடுவாள். பொழுது இருக்கும்போதே ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிட்டு அவன் பஸ் ஏறுவான். வீட்டில் போய்க் காந்தாவிடம் மறுபடி ஒரு சாப்பாடு.

"இன்னிக்கு எவ்வளோ தெரியுது?" அவளுக்கும் தொற்றிக்கொண்டது.

"வட்டம் தெரியுது. எழுத்து இன்னும் வரலை."

"சாமிக்கு வேண்டிக்கட்டுமா?"

"அவங்க சாமி இதுக்கெல்லாம் ஒத்தாசைக்கு வராதாம். நயினாரே சொன்னாரு."

மூன்றாம் நாள் நாலு மணிக்குத் துரு விலகிவிட்டது. கறுப்பு ஒரு இழைகூட நகரவில்லை. மாணிக்கவேல் தபால்தலையை வெள்ளைத் தட்டில் வைத்து, பூதக்கண்ணாடியை மதனவதியிடம் கொடுத்தான். அவள் கண்ணாடிக்கு மேல் கண்ணாடி வைத்துக் குனிந்தாள்.

"பி" என்றாள். "அப்புறம் ஓ. ஆர். டி."

நயினார் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"அடுத்த வார்த்தை பி, எல்லா?" என்றார் நயினார்.

"ஆமா."

"போர்ட் பிளேர். என்கிட்ட பதினொண்ணு இருக்குது. இது பன்னண்டு." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் கை மேஜை மேல் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தது. கண்ணாடி அவர் மூக்கின் மேலேயே இருந்தது. "வேலை நல்லா செஞ்சிருக்கேப்பா. வார்டர் வேலை பாத்தது போர்ட் பிளேர்லதான் போல. பெட்டி வித்தவன் அளந்துட்டான். அப்ப ரெண்டுமே அதுதான். சரி. தெரிஞ்சுபோச்சு."

மாணிக்கவேல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒன்று உறுத்தியது.

"நயினாரே, அது இது மாதிரி இல்ல."

"எது?"

"நான் கழுவுனது. இதுல ரெண்டு சொல்லு இருக்குது, நடுவுல சந்து இருக்குது. அதுல ஒரே சொல்லுதான். எழுத்தும் இது இல்ல."

"அது எப்பிடிடா உனக்குத் தெரியும்?" நயினார் அவனை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை.

அது அவன் தொழில். கறையில் கை வைக்கும் முன் அதன் ஓரம் பூராவையும் மனசுக்குள் வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பாதி எடுத்த பிறகு எது கறை, எது சாயம் என்று தெரியாது. வேலை முடிந்தால் அந்த உருவமும் அழிந்துவிடும். ஆயிரக்கணக்கான கறையை மனசில் சுமக்க முடியுமா? அந்த ஒன்று மட்டும் அழியவில்லை. கோபம் கிளம்புகிறபோதெல்லாம், நான் என்ன தப்புச் செய்தேன் என்று அந்த வேலையை முதலிலிருந்து ஒருமுறை மனசுக்குள் செய்து பார்ப்பான். குளிக்கும்போது, பஸ்ஸில், சோற்றில் கை வைத்துக்கொண்டு. பதினாலு வருஷத்தில் எத்தனை தடவை! ஒவ்வொரு தடவையும் அந்தக் கறுப்பு வட்டம் முழுசாக இருந்து, அவன் கையால் அழிந்திருக்கிறது.

"பேப்பர் குடுங்க" என்றான்.

மதனவதி தேதி கிழித்த காலண்டர் தாளைக் கொடுத்தாள். நயினார் கையை நீட்டித் தடுத்தார்.

"இரு. இந்த மூணு நாள்ல கமோர்டான்னு இங்கிலீசுல எங்கியாவது பாத்தியா? ஆதீஷ் போன்ல எதையாவது காட்டினானா?"

"உங்க புள்ளை எனக்கு இன்னும் மூஞ்சியே காட்டலை. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசெல்லாம் காந்தி ரோட்டு போர்டுல இருக்கறதுதான்."

"சரி, போடு."

அவன் இடது பக்கத்திலிருந்து ஆரம்பிக்கவில்லை. அன்றைக்குப் பஞ்சை எங்கே வைத்தானோ அந்த வலது ஓரத்திலிருந்து ஆரம்பித்தான். கூரை போல ஒன்று, குறுக்கே கட்டை, ஒரு கால் தேய்ந்து. அது சாரி போர்டில் வருகிற எழுத்து, தெரியும். அதற்கு இந்தப் பக்கம், கழியின் மேல் கழி வைத்தது போல ஒன்று. பிறகு மறுபடி போர்டு எழுத்து, வயிறும் காலுமாக. அதற்கு அப்புறம் ஒன்றும் போடாமல் பென்சிலைத் தூக்கி, தள்ளி வைத்து, இரண்டு குன்று சேர்ந்தாற்போல ஒன்று, இன்னொரு கூரை, கடைசியில் வாய் பிளந்த பிறை. சுற்றி ஒரு வட்டம். கீழே விட்டுப்போய் இருந்தது, அதையும் விட்டான்.

மதனவதி தாளை வாங்கி நேராகத் திருப்பினாள்.

"சி. ஏ. எம்." நிறுத்தினாள். "அப்புறம் காலியா இருக்குது. அப்புறம் ஆர், டி, ஏ."

நயினார் எழுத்துகளை விரல்விட்டு எண்ணினார்.

"நடுவுல ஒரு எழுத்து இருக்கணுமே மாணிக்கம்."

"அந்த எடத்துல ராணி காது. மை ரெண்டா அப்பியிருந்துச்சு, உருவம் தெரியலை. தெரியாததை நான் எப்பிடிப் போடறது?"

நயினார் எழுந்து நின்றார். மறுபடி உட்கார்ந்தார். "தெரியாததைப் போடலை" என்று மனைவியிடம் சொன்னார். "பாத்தியாடி? பொய் சொல்றவனா இருந்தா அதையும் போட்டிருப்பான். வந்திருக்குது. நம்ம வூட்டுக்கு வந்துட்டுத்தான் போயிருக்குது."

தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். மதனவதி தாளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாணிக்கவேலுக்கு அப்போதுதான் உறைத்தது. வந்ததை வழியனுப்பி வைத்தது யார்?

"அடிச்சுடுங்க நயினாரே" என்றான்.

"அடிக்கணும்னுதான் தோணுது. மூஞ்சி எங்க இருக்குதுன்னு தெரியலையே."

அதற்குப் பிறகு அவன் வாரத்தில் இரண்டு நாள் செவிலிமேட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். காந்தாவும் ஒருதரம் வந்து பார்த்தாள். நயினார் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தைத் திறப்பார்; மாணிக்கவேல் முத்திரை எப்படி இருக்கிறது என்று சொல்வான்; அவர் அது எந்த ஊர், எந்தக் கப்பல் எங்கே நின்று போகும் என்று சொல்வார். இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவன் உருவத்தைச் சொல்லவும், பார்க்க முடியாதவர் ஊரைச் சொல்லவும், ஒரு மத்தியானத்தில் இரண்டு மூன்று தீவு போய்வருவார்கள். பினாங்கு முத்திரைகளை மாணிக்கவேல் தொலைவிலிருந்தே அடையாளம் சொல்கிற அளவுக்கு வந்துவிட்டான்.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆதீஷ் வீட்டில் இருந்தான். காலண்டர் தாளையும் சுத்தமான தபால்தலையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"டாடி, ஷேப்தான் கரெக்டா இருக்குதே. அங்கிளே இதே மாதிரி பிளாக் இங்க்ல அது மேல போட்டுடட்டும். கை சுத்தமான கை. எவனுக்குத் தெரியப்போவுது?"

நயினார் மகன் இருந்த பக்கம் தலையைச் சாய்க்கக்கூட இல்லை. "அதுக்குப் பேரு திருட்டுடா. அந்த முத்திரை கமோர்டாவுல ஒருத்தன் கையில இருந்து விழணும். செவிலிமேட்டுல விழக் கூடாது."

ஆதீஷ் தோளைக் குலுக்கிவிட்டுப் போனான். ஆனால் 'எவனுக்குத் தெரியப்போவுது' என்று அவன் கேட்டது நயினாரைப் பிடித்துக்கொண்டது.

ஆடி பிறந்த ஒன்பதாம் நாள் நயினார் தூக்கத்திலேயே போய்விட்டார். மாணிக்கவேல் அவரைக் கடைசியாகப் பார்த்தது அதற்கு முந்தின வாரம். அன்றைக்கு ஓரக் கண்ணிலும் ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னார். கடைசி நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து வைக்கச் சொன்னார்.

"நான் இருக்கற வரைக்கும் கேக்கறவனுக்கு நான் சொல்லுவேன். அப்புறம் இது யார் கைக்குப் போவும்னு தெரியாது. சுத்தமா இருக்குது பாரு, இதை எவனாவது ஒட்டாத புதுத்தலைன்னு நெனைச்சுக்குவான். இன்னொருத்தன் அப்பிடியே சொல்லி விப்பான். என் நோட்டுலேர்ந்து ஒரு பொய் கெளம்பக் கூடாது மாணிக்கம்."

"அதுக்கு நான் இன்னா செய்யணும் நயினாரே?"

"பேனா மேஜை மேல இருக்குது. தலைக்குக் கீழ எழுது."

"அம்மாவை எழுதச் சொல்லுங்க. என் எழுத்து கோழி கிண்டினாப்பல இருக்கும்."

"அவ பாக்கலை. பாத்தவன் நீ ஒருத்தன்தான்."

மாணிக்கவேல் பேனாவை எடுத்தான். மூடியைத் திறக்கவில்லை. "இன்னான்னு எழுதறது?"

"இது மேல கமோர்டா முத்திரை இருந்துச்சு, என் கண்ணால பாத்தேன், கறைன்னு நெனைச்சு நான்தான் கழுவிட்டேன்னு எழுது. ஊர் பேரு போடு, வருசம் போடு. கீழ உன் பேரை முழுசா எழுதிக் கையெழுத்துப் போடு. எழுதிட்டு எனக்கு ஒருதரம் படிச்சுக் காட்டு."

மாணிக்கவேல் மூடியைத் திறந்தான்.